டிசம்பர் லீவுக்குக் குளிர் தேடிப் போனவர்கள்: சுங்கை சிப்புட் பக்கத்து அனுபவங்கள்

செம்பனைக்காடு

வருடக் கடைசி வந்தால் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் எனக்கு இரண்டே வேலை. மழை விடும்வரை கடை வாசல் ஐந்தடி நடைபாதையில் நின்று தே தாரே, அதாவது ஆற்றிய பால் டீ, குடிப்பது. வீட்டுக்குப் போனால் அம்மா காட்டும் பெண்களின் போட்டோவைப் பார்ப்பது. மற்ற பதினொரு மாதமும் கே.எல்.லில் (கோலாலம்பூரில்) என் கூட்டாளியோடு இருக்கிறேன். ஒன்பது வருடமாக ஒரே வீட்டில் இருப்பவனைக் கூட்டாளி என்று எழுதுவது எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது. துணைவன் என்று எழுதினால் வானொலி நாடகம் மாதிரி இருக்கிறது. கூட்டாளி என்றே வைத்துக்கொள்வோம்.

டிசம்பரில் நம்மைப் போன்ற இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ எங்கே போகலாம் என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். குளிரும் வேண்டும், பயமும் இருக்கக்கூடாது. இணையத்தில் தேடினால் ஐரோப்பாவின் கிறிஸ்துமஸ் சந்தையும் பனிச்சறுக்கும்தான் வருகிறது. நம் சம்பளத்துக்கு அதெல்லாம் காலண்டர் படம். போய் வந்தவர்கள் புனைபெயரிலேயே இங்கே நடந்ததைச் சொன்னால் உதவியாக இருக்கும். முதலில் நான்.

2024 டிசம்பரில் வட தாய்லாந்தின் சியாங் மாய் போனோம். கே.எல்.லிலிருந்து விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குள். ஈப்போவில் பழைய துணி விற்கும் ஒரு பண்டல் கடையில் குளிர்ச்சட்டை இரண்டு வாங்கினோம், ஒன்று 15 வெள்ளி (ரிங்கிட்). அந்துருண்டை வாசனை கடைசி நாள்வரை போகவில்லை.

அறை எடுக்கும் கதையை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஹோட்டலுக்குப் போனால் நாங்கள் கேட்பது இரண்டு தனிக் கட்டில். அதோடு, யாரும் கேட்காமலே "இவன் என் தம்பி, ஆபீஸ் வேலையா வந்தோம்" என்று ஒரு விளக்கம். முகத்தில் ஒரு சாடையும் இல்லாத அண்ணன் தம்பி. நம் நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் எங்களைப் போன்றவர்களின் உறவைக் குற்றமாக்கும் 377ஏ பிரிவு இருக்கிறதே, வெள்ளைக்காரன் எழுதி வைத்த 377இன் வாரிசு. 20 வருடம் வரை சிறை, பிரம்படியும் உண்டு. ஹோட்டல்காரன் அதையெல்லாம் நினைப்பதில்லை, நான்தான் நினைப்பேன். சாவியை வாங்கும்போது வேர்த்துவிடும்.

சியாங் மாயில் பழைய நகரத்து அகழிக்கு உள்ளே ஒரு சின்ன விடுதி. நடத்துபவர் ஓர் அம்மா, ஐம்பது ஐம்பத்தைந்து வயதிருக்கும். நான் பழக்க தோஷத்தில் "தம்பி" என்று ஆரம்பித்தேன். அவர் எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஒரு கட்டில் அறைதான் ஜன்னல் பக்கம், வெயில் வரும், அதைத் தருகிறேன் என்றார். அப்புறம் சாவியை நீட்டிக்கொண்டே, "ஒரு மாதம் கழித்து வந்திருந்தால் கல்யாணத்தையும் முடித்துக்கொண்டு போயிருக்கலாம்" என்றார். தாய்லாந்தில் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணக்கலாம் என்ற சட்டம் 2025 ஜனவரி 23 அன்று நடப்புக்கு வர இருந்தது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. அன்று சாயந்தரம்வரை பேச்சு குறைவு.

மறுநாள் விடியுமுன் வேனில் டோய் இந்தனோன் மலை. 2,565 மீட்டர், அந்த நாட்டிலேயே உயரமான இடம். உச்சியில் புல் நுனியெல்லாம் உப்புத் தூவியதுபோல் உறைபனி. தாய்லாந்துக்காரர்களே கூட்டம் கூட்டமாக வந்து குனிந்து அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. நாலரை மணிக்குத் தலையில் துண்டைக் கட்டி, நெற்றியில் விளக்கோடு ரப்பர் பால் வெட்டப் போவார். தோட்டத்து விடியலுக்கும் ஒரு குளிர் உண்டு, பேர்தான் வைக்கவில்லை. பக்கத்தில் நின்றவன், "அந்த அம்மா சொன்னதுக்கு நீ ஏன் சிரிச்ச?" என்று கேட்டான். பல் கிட்டியதுபோல் நடித்துத் தப்பித்தேன்.

போகிறவர்களுக்கு: பிப்ரவரி பிறந்தால் வயல் எரிக்கும் புகை சூழ்ந்துவிடும். டிசம்பரும் ஜனவரியும்தான் நல்ல காலம்.

லயத்துக்கிளி

நாங்கள் இரண்டு பெண்கள். ஒரு விதத்தில் எங்களுக்குச் சுலபம், இரண்டு பெண்கள் ஒரே அறை எடுத்தால் "அக்கா தங்கச்சியா?" என்று அவர்களே பதிலையும் சொல்லிவிடுவார்கள். பத்து வருடம் அக்கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒரு நாள் அழுதுவிட்டாள் என்னுடையவள். அந்த வருடம்தான் தைப்பே.

2019 மே 24 முதல் தைவானில் சட்டப்படி கல்யாணம் உண்டு, ஆசியாவிலேயே முதலில் அங்கேதான். அதற்காகப் போகவில்லை, வெந்நீர் ஊற்றுக்காகப் போனோம். பெய்தோ என்று ஓர் இடம், நகர ரயிலிலேயே போய் இறங்கலாம். மலைச்சரிவு முழுக்கக் கந்தக வாசனை, முட்டை அழுகியதுபோல். மணிக்கணக்கில் வாடகைக்குத் தனிக் குளியல் அறை கிடைக்கும். வெளியே பதினான்கு டிகிரி, நசநசவென்று தூறல். உள்ளே கழுத்துவரை வெந்நீர். அந்த நாட்டுக் குளிர் வறண்ட குளிர் இல்லை, எலும்புக்குள் போகும் ஈரக் குளிர். குடை இல்லாமல் போகாதீர்கள்.

சிமென்டிங் என்ற கடைத்தெருவில் 1908இல் கட்டிய சிவப்புக் கட்டடம் ஒன்று உண்டு. அதன் பின்னால் திறந்தவெளியில் வரிசையாக நம்மவர்களின் மதுக்கடைகள். மூடிய கதவோ இருட்டுப் படிக்கட்டோ கிடையாது. பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் குழந்தையோடு பழச்சாறு குடித்தது. எனக்குக் குடிப் பழக்கம் இல்லை. ஆனாலும் இரண்டு மணி நேரம் எழுந்திருக்க மனசு வரவில்லை. அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். யாராவது பார்க்கிறார்களா என்று நான்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது!

புத்தாண்டு வாணவேடிக்கை தைப்பே 101 கோபுரத்தில். அழகுதான், கூட்டம் தாங்காது. நான் திரும்ப அதற்குப் போகமாட்டேன்.

பழைய கிராணி

எனக்கு 68 வயது. தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் இப்படிக் கேட்கவும் ஆள் இல்லை, சொல்லவும் ஆள் இல்லை. இருந்ததெல்லாம் எல்லைக்கு அப்பால் தென் தாய்லாந்தின் ஹாட்யாய்.

எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான், லோரி ஓட்டுபவன், கல்யாணம் ஆனவன். நான் கடைசிவரை ஆகாதவன். வருடத்துக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு முன், "ஜவுளி வாங்கப் போறோம்" என்று எல்லை தாண்டுவோம். அந்தச் சந்தையில் துணி உண்மையிலேயே மலிவு. அதனால் பொய்யும் பாதிப் பொய்தான்.

2010இல் தீபாவளி நவம்பர் 5. நாங்கள் நான்கைந்து நாள் முன்னால் போனோம். நவம்பர் 1 இரவு ஊருக்குள் வெள்ளம் புகுந்தது. காலையில் எட்டிப் பார்த்தால் தெருவில் கார்களின் கூரைதான் தெரிகிறது. எங்கள் அறை மூன்றாவது மாடியில். மின்சாரம் போய்விட்டது, தொலைபேசியும் போய்விட்டது. விடுதிப் பையன்கள் மெழுகுவத்தியும் மீ (நூடுல்ஸ்) பொட்டலமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். வெந்நீர் இல்லாததால் மீயை அப்படியே நொறுக்கித் தின்றோம். இவன் கதை சொல்லிக்கொண்டே இருந்தான். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியது, முதல் லோரியை மோதியது எல்லாம். அத்தனை வருடப் பழக்கத்தில் இரண்டு இரவு சேர்ந்தாற்போல் அவன் பக்கத்தில் எனக்கு விடிந்தது அப்போது மட்டும்தான். நிவாரணப் படகு வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இல்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஊருக்கு வந்தோம். ஒரு முழத் துணிகூட இல்லை. ஆள் உயிரோடு வந்ததே போதும் என்று இரண்டு வீட்டிலும் அழுதார்கள். ஏன் சேர்ந்து போனீர்கள் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பிள்ளைகளுக்குப் பழைய சட்டையோடு தீபாவளி. அவன் இப்போது இல்லை.

தம்பிகளுக்குச் சொல்வது: நவம்பர் டிசம்பரில் தென் தாய்லாந்து பக்கம் போனால் வானிலை பார்த்துப் போங்கள். 2025 நவம்பரில் அதே ஊரில் இன்னும் மோசமான வெள்ளம். நம் கிழக்குக் கரைத் தீவுகளும் அந்த மாதங்களில் பெரும்பாலும் மூடித்தான் கிடக்கும். பெர்ஹென்தியான், ரெடாங் என்று கிளம்பிவிடாதீர்கள். கடல் வேண்டுமென்றால் லங்காவி.

கடல்தாண்டி

கிராணி ஐயா, படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

என்னுடையது சின்னக் கதை. வேலை சிங்கப்பூரில், படுக்கை ஜொகூர் பாருவில். சிங்கப்பூரில் இருந்த அவர்களுடைய 377ஏவை நீக்க 2022 நவம்பர் 29 அன்று நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது, 2023 ஜனவரி 3 அன்று அது நடப்புக்கு வந்தது. கல்யாணம் கிடையாது, ஆனால் போலீசுக்குப் பயந்து நிற்க வேண்டியதில்லை. ஆர்ச்சர்ட் ரோட்டில் கிறிஸ்துமஸ் விளக்கு பார்த்துவிட்டு, நீல் ரோட்டில் ஒரு மதுக்கடைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் எதிரே நிற்பது யார்? பள்ளியில் எங்களைத் தலைமுடி நீளம் என்று வெயிலில் நிறுத்திய மாணவர் தலைவர்! இரண்டு பேரும் கல் மாதிரி நின்றோம். பாட்டுச் சத்தம் காதைக் கிழிக்கிறது. கடைசியில் அவர் என்ன கேட்டார் தெரியுமா? "பசியாறிட்டியா?"

இரவு பதினோரு மணிக்குப் பசியாற, அதாவது காலைச் சாப்பாடு சாப்பிட, என்ன இருக்கிறது? சிராங்கூன் ரோட்டுக்குப் போய்த் தோசை தின்றோம். இரண்டு மணிவரை ஊர்க்கதை. முடி விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னேன், கேட்கவில்லை.

சிங்கப்பூர் வெள்ளிக்கு நம் பணம் மூன்றுக்கும் மேல். அதைவிடக் கொடுமை பள்ளி லீவில் எல்லைப் பாலத்து நெரிசல். வெள்ளிக்கிழமை சாயந்தரம் கடக்க நினைக்காதீர்கள்.

மார்கழி

சென்னையை யாரும் சொல்லவில்லையே. இந்தியாவில் 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் நம் உறவு குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் சென்னையில் அறை எடுப்பது அதற்கு முன்னும் கஷ்டமில்லை. இரண்டு ஆண்கள் ஒரு கட்டில் என்றால் சிக்கனம் என்று நினைத்துக்கொள்வார்கள். கைகோத்து நடந்தால் சிநேகிதம். தொல்லை வேறு: மொழி புரியும். சங்கீத சபா கேண்டீனில் பொங்கல் வைப்பவர்கூட "கல்யாணம் ஆயிடுச்சா சார்?" என்று கேட்டார். காலையில் இருபத்தொரு டிகிரிக்கே ஊரெல்லாம் காது மூடிய குல்லா. நாங்கள் டீ-சட்டையில் நடப்பதைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். குளிருக்காகப் போகாதீர்கள், கச்சேரிக்கும் சாப்பாட்டுக்கும் போங்கள்.

பீடோர் பையன்

எல்லாம் விமானத்தில் போகிறீர்கள். எனக்கு 22 வயது, பாமாயில் ஆலையில் வேலை, குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, அதில் 900 வீட்டுக்கு. பாஸ்போர்ட்டே கிடையாது. டிசம்பரில் நான் என்ன செய்வது? ஃபோனில் ஒருவர் பழக்கமானார். தெலுக் இந்தானில் ரூம் போட்டிருக்கிறேன் வா என்கிறார். முகம் காட்டவில்லை. போகலாமா?

லயத்துக்கிளி

போகாதே தம்பி. எங்கள் நண்பர் ஒருவர் இப்படித்தான் போனார். அறைக்குள் இரண்டு பேர் ஃபோனில் படம் எடுக்கக் காத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்புவோம் என்று மிரட்டி மூன்று மாதச் சம்பளத்தைக் கறந்தார்கள். போலீசுக்குப் போனால் தன்னையே பிடிப்பார்கள் என்ற பயம், அது அவர்களுக்கும் தெரியும். முகம் காட்டாதவரிடம் உன் முகத்தையும் காட்டாதே. முதல் சந்திப்பு பகலில், ஆள் நடமாடும் கடையில் இருக்கட்டும். காசு கேட்டு மிரட்டினால் ஒரு காசும் கொடுக்காமல், வந்த செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு, நம்பும் ஒருவரிடம் உடனே சொல். மலாய்க் கூட்டாளி இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், அவர்கள்மேல் ஷரியாச் சட்டமும் பாயும்.

பீடோரில் இருந்துகொண்டு குளிருக்கு எதற்கு பாஸ்போர்ட்? தாப்பாவிலிருந்து பஸ் ஏறினால் கேமரன் மலை, 1,500 மீட்டர். காலையில் வாயைத் திறந்தால் புகை வரும். பள்ளி லீவில் பிரிஞ்சாங் போகும் பாதை சனி ஞாயிறு நகராது, செவ்வாய் புதன் பார்த்துப் போ. பெய்தோவில் நான் கொட்டிய காசுக்கு, உன் பக்கத்துச் சுங்காயில் சுங்கை கிளா வெந்நீர் ஊற்று இருக்கிறது. அங்கேயே முட்டை வேகவைத்துத் தின்னலாம். மழை நாளில் போ. மேலே மழை, கீழே வெந்நீர்.

நாங்கள் டிசம்பர் கடைசியில் ஈப்போவில் ஒரு வீடு வாடகைக்கு எடுக்கிறோம், எட்டுப் பத்துப் பேர், ஆளுக்கு ஒரு சமையல். கேரம் ஆடுவோம், பழைய பாட்டுப் போடுவோம். வா. வருவதற்கு முன் பகலில் கடையில் என்னையும் அவளையும் பார்த்துப் பேசு, அப்புறம் முடிவு செய்.

பீடோர் பையன்

கேரம் நன்றாக ஆடுவேன்.

கடல்தாண்டி

செம்பனைக்காடு, மலையில் அவர் கேட்டதற்கு என்ன பதில் சொன்னீர்கள்? பல் இன்னுமா கிட்டியிருக்கிறது?

செம்பனைக்காடு

ஒரு வருடம் கிட்டியிருந்தது. இந்த டிசம்பரும் அதே விடுதி, அதே ஜன்னல் அறை. திரும்பும்போது ஒரு நாள் பேங்காக். கல்யாணப் பதிவு கிதிவு எதுவும் இல்லை, நம் ஊரில் அது செல்லாது. சிலோம் சாலையில் நம் ஆட்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறதே, அங்கே போய் நிற்கலாம் என்று அவன் சொன்னான். சரி என்றேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. மாலை மட்டும் எங்கே வாங்குவது என்று யாருக்காவது தெரியுமா?

பழைய கிராணி

கோயில் வாசலிலேயே விற்பார்கள் தம்பி, சாமந்தி. காலையிலேயே போய்விடு. உச்சிப் பொழுதுக்கு மேல் வாங்கினால் வாடிப்போயிருக்கும்.