சாயக் கழிவுநீரில் ஒளிவினையூக்கி வேலை செய்யாதது ஏன்?

நொய்யல்கரை (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். முதுகலை வேதியியல் ஆய்வுத்திட்டத்துக்காக, ஒளிபட்டால் சாயத்தைச் சிதைக்கும் ஒளிவினையூக்கியான டைட்டானியம் டையாக்சைடு தூளை மெத்திலீன் நீலம் என்ற சாயத்தின் கரைசலில் இட்டு வெயிலில் வைத்தேன். இரண்டு மணி நேரத்துக்குள் கரைசல் தெளிந்துவிட்டது. அதே தூளை அதே அளவில், திருப்பூர்ப் பக்கமுள்ள ஒரு சாயப்பட்டறையிலிருந்து வாங்கி வந்த கழிவுநீரில் இட்டபோது, மாலை வரை காத்திருந்தும் சிவப்பு சற்றே வெளுத்ததைத் தவிர வேறு மாற்றம் இல்லை. அந்த நீரின் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு; 7-க்கு மேல் காரம்) 10-க்கு மேல் இருந்தது. தூளைக் கூட்டினால் போதுமா, அல்லது முறையிலேயே பிழையா? சாயநீர் கலந்த கிணறுகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். இது மதிப்பெண்ணோடு முடிந்துவிடக் கூடாது என்று விரும்புகிறேன்.

கதிர்வேதி:
தூளைக் கூட்டுவது உதவாது. லிட்டருக்கு ஏறத்தாழ 1 கிராமைத் தாண்டினால், பெரும்பாலும் தூளின் கலங்கலே ஒளியை மறைக்கத் தொடங்கும். உங்கள் இரு சோதனைகளையும் பிரிப்பது மின்சுமை. டைட்டானியம் டையாக்சைடின் மேற்பரப்பு பி.எச். 6-க்கும் 7-க்கும் இடையே சுமையற்றிருக்கும். அதற்கு மேல் எதிர்மின்சுமை பெறும். மெத்திலீன் நீலம் நேர்மின்சுமை கொண்டது, ஆகவே தூளோடு எளிதில் ஒட்டிக்கொள்ளும். பருத்திக்கு ஏற்றும் ரியாக்டிவ் சாயங்களோ சல்போனேட் தொகுதிகளால் எதிர்மின்சுமை கொண்டவை, பி.எச். 10-இல் தூள் அவற்றை விலக்கும். தூளில் ஒளிபட்டுப் பிறந்து சாயத்தைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் தனி உறுப்பின் ஆயுள் மிகக் குறைவு என்பதால், பரப்பை நெருங்காத மூலக்கூறு பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

போதாக்குறைக்கு, சாயத்தைத் துணியில் பிடிக்கவைக்கச் சேர்க்கும் சோடா ஆஷின் கார்பனேட் அயனிகள் சாயத்துக்கு முன்பாகவே அந்த ஹைட்ராக்சிலைப் பிடித்து, வலுக்குறைந்த கார்பனேட் தனி உறுப்பாக மாறிவிடுகின்றன. அனடேஸ் என்ற படிக வகை டைட்டானியம் டையாக்சைடு தூளைத் தூண்ட 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம் வேண்டும்; வெயிலில் அந்தப் புற ஊதாப் பங்கு சுமார் 5 சதவீதமே, அதையும் அடர்நிற நீர் மேல் அடுக்கிலேயே உறிஞ்சிக்கொள்கிறது.

மெத்திலீன் நீலம் தெளிந்ததை வெற்றியாக எழுதிவிட வேண்டாம். அந்தச் சாயம் தானே ஒளியை உறிஞ்சிச் சிதையக்கூடியது. தூளில் ஒட்டியும் மறையக்கூடியது. தூள் இல்லாமல் ஒரு சோதனையும், இருட்டில் ஒரு சோதனையும் கட்டாயம் செய்யுங்கள். இரு நைட்ரஜன் அணுக்களின் பிணைப்பால் நிறம் பெறும் அசோ வகைச் சாயத்தில் அந்தப் பிணைப்பு உடைந்தால் நிறம் போய்விடும், ஆனால் மிஞ்சும் அரோமாட்டிக் அமீன்களில் (பென்சீன் வளையம் கொண்ட நைட்ரஜன் சேர்மங்கள்) சில புற்றுநோய் விளைவிப்பவை. மொத்தக் கரிமக் கார்பன் குறைந்தால்தான் நச்சு உண்மையில் கார்பன் டையாக்சைடாகவும் நீராகவும் சிதைந்தது என்று சொல்ல முடியும்.

தண்ணீர்த்தொட்டி:
நான் சாயக் கழிவுநீருக்கான ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பணிபுரிகிறேன். ஆய்வகத்தில் யாரும் பேசாத ஒன்று உப்பு. ரியாக்டிவ் சாயமேற்ற லிட்டருக்குப் பல பத்துக் கிராம் உப்பு போகிறது. ஒளிவினையூக்கி அதில் ஒரு துளியையும் அகற்றாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் ஆர்.ஓ. சவ்விலும் ஆவியாக்கியிலும் செலுத்துவது தவிர்க்க முடியாததாயிற்று. ஆகவே ஆர்.ஓ.வுக்கு இது மாற்றாகாது. நுண்ணுயிர்த் தொட்டியைத் தாண்டி வரும், எளிதில் சிதையாத கரிமப் பொருள் சவ்வில் படிந்து அடைப்பதே எங்கள் அன்றாடத் தொல்லை. நிறமும் பெருமளவு குறைந்திருக்கும் அந்த இடத்தில் உங்கள் முறையைச் சோதித்தால் எங்களுக்குப் பயன்படும்.

நொய்யல்கரை:
இருவருக்கும் நன்றி. நுண்ணுயிர்த் தொட்டியைத் தாண்டிய நீரைக் கேட்டு வாங்குகிறேன். அமிலம் சேர்த்து பி.எச். 4-க்குக் கொண்டுவந்தால், கார்பனேட்டும் போய், தூளும் நேர்மின்சுமை பெற்றுவிடும் அல்லவா?

கதிர்வேதி:
சரிதான், ஆனால் அமில நிலையில் சாதாரண உப்பிலுள்ள குளோரைடு ஹைட்ராக்சிலை மேலும் தீவிரமாகப் பறிக்கும். கழிவில் இருப்பது சாதாரண உப்பா, சோடியம் சல்பேட்டா என்று பட்டறையில் முதலில் கேளுங்கள். சல்பேட்டானால், அது தூளின் பரப்பில் சாயத்துக்குப் போட்டியாக ஒட்டும். பி.எச். 4, 6, 8 என மூன்று நிலைகளில், அரை மணி நேரம் இருட்டில் கலக்கிய பிறகே வெயிலில் வைத்து, ஒவ்வொன்றிலும் நிறத்தோடு மொத்தக் கரிமக் கார்பனையும் அளந்து, முடிவுகளை இங்கே பதியுங்கள்.