மழைக்காலம் முழுக்க அலமாரியில் இருந்த டேப் ஆன் ஆகவில்லை, கூலிக் கணக்கு உள்ளே இருக்கிறது

மிளகுக்கொடி (நாகலூர், ஏற்காடு):

வணக்கம். நாகலூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது. பழம் எடுக்க வருகிறவர்களின் கணக்கு முழுக்க ஒரு பத்து அங்குல ஆண்ட்ராய்டு டேப்பில்தான். யார் எத்தனை கிலோ எடுத்தார்கள், யார் எவ்வளவு முன்பணம் வாங்கினார்கள், யாருக்கு நாங்கள் பாக்கி, எல்லாம் அதில். போன சீசன் முடிந்ததும் அணைத்து அலமாரியில் வைத்தேன். இப்போது சில்வர் ஓக் நிழலில் பழம் சிவக்க ஆரம்பித்துவிட்டது, டேப் உயிர் வரமாட்டேன் என்கிறது. வீட்டில் இருந்த போன் சார்ஜரைப் போட்டும் பலனில்லை.

மலை இறங்கி சேலத்தில் ஒரு கடையில் காட்டினேன். பிரித்துக்கூடப் பார்க்காமல் "போர்டு போச்சுங்க, புதுசு வாங்கிக்குங்க" என்று கொடுத்துவிட்டார்கள். புதுசு வாங்குவது பெரிய விஷயமில்லை, கணக்குதான் வேண்டும். வேலைக்கு வருகிற அக்காமார் கழித்துத் தீர்த்த பணத்தை நான் மறுபடி கேட்டுவிடக் கூடாது. அவர்கள் நியாயமாகச் சொல்லும் பாக்கியை "எழுதி வைக்கலையே" என்று மறுக்கவும் மனசு வராது.

இங்கே மழை விட்டாலும் மூடுபனி விடாது, துணியே காயாது. கரன்ட்டும் ஏறி இறங்கும். அதனால் போயிருக்குமா? மறுபடி இறங்குவதற்கு முன்னால் வீட்டிலேயே என்ன செய்து பார்க்கலாம்?

தறிமேடை (அம்மாபேட்டை):

அக்கா, பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கிற பட்டனையும் சேர்த்து அரை நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். எங்கள் வீட்டு டேப் ஒருமுறை இப்படித்தான் செத்த மாதிரி கிடந்தது, பிடித்ததும் வந்துவிட்டது. பாதி வழியில் உறைந்து நின்றிருந்தால் இதில் சரியாகும்.

மாம்பழம் (கோரிமேடு):

ஈரம் என்றால் ஒரு நாள் அரிசி டப்பாவுக்குள் புதைத்து வையுங்கள்.

ஐந்துரோடு ரிப்பேர்:

அரிசி வேண்டாங்க. உள்ளே இருக்கிற ஈரத்தை அது இழுக்காது. தவிடும் தூசியும்தான் சார்ஜ் ஓட்டைக்குள் போய் உட்காரும்.

அக்கா, அந்தக் கடையில் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரிக்காமல், மீட்டர் வைக்காமல் போர்டு போச்சு என்று யாராலும் சொல்ல முடியாது. நான் டேப், போன் ரிப்பேர்தான் பார்க்கிறேன். மாதக்கணக்கில் சும்மா இருந்து வருகிற டேப்களில் பெரும்பாலும் போர்டு நன்றாகவே இருக்கும், பேட்டரிதான் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். லித்தியம் பேட்டரி முழுசாக இருந்தால் 4.2 வோல்ட் அல்லது கொஞ்சம் கூடுதல். அணைத்து வைத்தாலும் துளித்துளியாகக் குறைந்துகொண்டே இருக்கும். 3 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டால், சார்ஜர் போட்டதும் முழு வேகத்தில் ஏற்றாது. உள்ளே இருக்கிற சிப் பாதுகாப்புக்காகக் கொஞ்சமே கொஞ்சமாகக் கரன்ட் விடும். பேட்டரி ஓரளவு ஏறும்வரை திரையில் ஒன்றும் தெரியாது. நாம் பத்து நிமிஷம் பார்த்துவிட்டுப் பிடுங்கிவிடுகிறோம்.

முதலில் டேப்பை மேஜையில் படுக்க வைத்து முதுகைப் பாருங்கள். மூடி உப்பியிருந்தாலோ, திரை ஓரத்தில் தூக்கியிருந்தாலோ சார்ஜே போடாதீர்கள். அழுத்தி உட்கார வைக்கவும் பார்க்காதீர்கள். அது தீப்பிடிக்கிற சமாச்சாரம், அப்படியே கொண்டு வாருங்கள்.

தட்டையாக இருந்தால் சார்ஜ் ஓட்டையில் டார்ச் அடித்துப் பாருங்கள். துணிப்பஞ்சு அடைத்திருந்தால் மரப் பல்குச்சியால் மெதுவாக வெளியே இழுங்கள், ஊசி வேண்டாம். உள்ளே பச்சையாகப் பூத்திருந்தால் ஈரம் வேலையைக் காட்டிவிட்டது என்று அர்த்தம், அந்த சார்ஜ் பின்னை மாற்ற வேண்டியிருக்கும். இருட்டு அறையில் திரை மேல் சாய்வாக டார்ச் அடித்தும் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் டேப் ஓடுகிறது, திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்குதான் போயிருக்கிறது.

ஏற்காட்டுக் குளிரில் பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது. 0 டிகிரிக்குக் கீழே போனால்தான் சார்ஜ் போடக் கூடாது. கரன்ட் குறைவதும் காரணமில்லை, சார்ஜர் மேல் 100–240 வோல்ட் என்று போட்டிருக்கும். போய் வரும்போது எகிறுகிற வோல்ட்டேஜ்தான் சார்ஜரை அடிக்கும். உங்கள் சார்ஜரில் அவுட்புட் என்ன எழுதியிருக்கிறது? அதையும் சொல்லுங்கள்.

மிளகுக்கொடி:

முதுகு தட்டையாக இருக்கிறது. பச்சை இல்லை, ஆனால் ஓட்டையில் பஞ்சு கெட்டியாக அடைத்திருந்தது. எடுத்த பிறகுதான் ஒயர் கடைசிவரை போய் "டக்" என்று உட்கார்ந்தது. சார்ஜரில் 5 வோல்ட், 1 ஆம்பியர் என்று இருக்கிறது. இப்போது ரொம்ப நேரம் கழித்து பேட்டரி படம் ஒரு கணம் வந்து மறைகிறது. திரும்ப வருகிறது, திரும்ப மறைகிறது.

ஐந்துரோடு ரிப்பேர்:

நல்ல செய்திங்க. போர்டு உயிரோடுதான் இருக்கிறது. இப்போது ஏறுகிற கொஞ்ச சார்ஜையும் திரையை எழுப்பவே செலவழித்துவிட்டு மறுபடி விழுகிறது. பத்து அங்குல டேப்புக்கு 1 ஆம்பியர் போதாது. 2 ஆம்பியருக்குக் குறையாத நல்ல சார்ஜர், கெட்டியான ஒயர் போட்டு, பவர் பட்டனைத் தொடாமல் மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள். லேப்டாப்பில் செருகாதீர்கள், பழைய யூஎஸ்பி ஓட்டை அரை ஆம்பியர்தான் கொடுக்கும். தலைமாட்டில், மெத்தை மேல் வேண்டாம். வெறும் தரையில், கண் பார்வையில் இருக்கட்டும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். எந்தக் கடைக்குப் போனாலும் "ரீசெட் போடக் கூடாது, சாஃப்ட்வேர் ஏற்றக் கூடாது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரீசெட் போட்டால் டேப் ஓடும், கணக்கு இருக்காது. இப்போது வரும் டேப்களில் தகவல் பூட்டித்தான் இருக்கும். தகவல் இருக்கும் சிப்பைக் கழற்றி வேறு போர்டில் வைத்தாலும் படிக்க வராது. அதே போர்டு எழுந்தால்தான் உண்டு.

மிளகுக்கொடி:

வந்துவிட்டது! தம்பியின் போன் சார்ஜரில் போட்டு மதியம்வரை தொடவே இல்லை. முன்பணக் கணக்கு ஒரு வரி விடாமல் அப்படியே இருக்கிறது. எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை, ரொம்ப நன்றிங்க. கணக்கை பென்டிரைவில் ஏற்றிவிட்டேன். இந்த சீசனில் வாரா வாரம் நோட்டிலும் எழுதி, அவரவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கப் போகிறேன். பேட்டரியை மாற்ற வேண்டுமா?

ஐந்துரோடு ரிப்பேர்:

ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். 40 சதவீதத்தில் இருந்து திடீரென்று அணைந்தாலோ, முதுகு உப்ப ஆரம்பித்தாலோ மாற்றிவிடலாம். சீசன் முடிந்து வைக்கும்போது பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள். மழைக்காலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாதிக்கு ஏற்றி வைத்தால் போதும்.

தறிமேடை:

அண்ணா, ஐபேடுக்கும் இதே பட்டன்தானா? அக்கா பையனுடையது கறுப்பாக நிற்கிறது.

ஐந்துரோடு ரிப்பேர்:

இல்லைங்க. கீழே வட்டப் பட்டன் இருந்தால் அதையும் மேல் பட்டனையும் சேர்த்துப் பிடியுங்கள். வட்டப் பட்டன் இல்லாத மாடலில், மேல் பட்டனுக்குப் பக்கத்து வால்யூம் பட்டனை அழுத்தி விட்டு, தள்ளி இருப்பதை அழுத்தி விட்டு, பிறகு மேல் பட்டனை ஆப்பிள் படம் வரும்வரை பிடியுங்கள். வரவில்லை என்றால் அதையும் ஒரு மணி நேரம் சார்ஜில் போட்டுவிட்டு மறுபடி செய்யுங்கள்.