நாங்கள் பிழையாகக் கணித்த பொடியன்கள்: ராப்டர்ஸ் ரசிகர்களின் அனுபவப் பகிர்வு

மேல்தட்டு ரசிகன், ஸ்காபரோ

2025 ஜூனில் ட்ராஃப்ட் (என்.பி.ஏ. கூடைப்பந்து லீக் அணிகள் புது இளம் வீரர்களை முறைவைத்து எடுக்கும் நிகழ்வு) முடிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நிம்மதி இல்லை. எங்கள் டொரொண்டோ ராப்டர்ஸ் அணியின் இளம் வீரர் கிரேடி டிக்கை வேறு அணிக்கு விற்கச் சொல்கிறார் மச்சான். நான் வைத்திருக்கச் சொல்கிறேன். எங்கள் இரண்டு பேரையும் கேட்டு ராப்டர்ஸ் எதையும் செய்யப்போவதில்லை என்று மனைவி நினைவூட்டினார். அது வேறு கதை.

சண்டை முற்றிய நேரத்தில் எனக்கு 2017-18 பனிக்காலம் ஞாபகம் வந்தது. அப்போது நானும் மச்சானும் மாதத்துக்கு ஒரு ஆட்டமாவது போவோம். கூரைக்குக் கிட்ட, 300 இலக்க இருக்கைகள். அங்கிருந்து பார்த்தால் ஆட்டக்காரர்கள் தீக்குச்சி மாதிரித்தான் தெரிவார்கள். பாஸ்கல் சியாகமுக்கு அணியில் இரண்டாவது வருடம். நன்றாக ஓடுவார், எதிராளியை மறிப்பார், எல்லாம் சரி. மூலையில் தனியே நின்று பந்தை வாங்கினால் மட்டும் எங்கள் வரிசை முழுக்க மூச்சைப் பிடிக்கும். அந்தப் பருவத்தில் அவர் எறிந்த த்ரீக்களில் (தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிகளில்) நூற்றுக்கு 22தான் உள்ளே போனது. மச்சான் எழும்பி நின்று, "அடியாதை, அடியாதை!" என்று தமிழில் கத்துவார். சியாகமுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் விளங்கியிருக்காது. அவர் பாட்டுக்கு எறிந்துகொண்டே இருந்தார்.

அடுத்த வருடம் அது 37 சதவீதம் ஆனது. 2019 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக 17 தடவை எறிந்து 14ஐப் போட்டார், 32 புள்ளிகள். டிக்கெட் விலைக்கு நாங்கள் கிட்டவும் போக முடியாது. ஒரு நண்பரின் பேஸ்மென்டில் இருபது பேர் நெருக்கியடித்துப் பார்த்தோம். அன்று என்னைக் கட்டிப்பிடித்து, "நான் அப்பவே சொன்னனான்!" என்று குதித்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே மச்சான்தான்.

அதனால் கேட்கிறேன். நீங்கள் நேரில் பார்த்து, ஒரு முடிவு கட்டி, பிறகு மாட்டிக்கொண்ட இளம் வீரர் யார்? சரியாகக் கணித்தவர்களும் எழுதலாம். ஆனால் பிழையாகக் கணித்தவர்களின் கதைகளைத்தான் வாசிக்க ஆசை.

மிசிசாகாவாசி

அண்ணா, உங்களுக்கு 300 இலக்க இருக்கை. எனக்கு வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ராப்டர்ஸின் துணை அணியான ராப்டர்ஸ் 905. அவர்கள் ஆடுவது என்.பி.ஏ.க்குக் கீழே உள்ள ஜி லீக்கில், அது என்றால் பலருக்கு இளக்காரம். சியாகமே 2017இல் 905க்கு ஆடி, அவர்கள் கோப்பை எடுத்தபோது இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதை வாங்கியவர்தான். பிரெட் வான்வ்லீட்டும் அந்த வழியாகத்தான் மேலே போனார். அவரை ட்ராஃப்டில் யாருமே எடுக்கவில்லை.

கிரேடி டிக்கை நான் அங்கே பார்த்தேன், அவருடைய முதல் பனிக்காலத்தில். 2023இல் 13ஆவதாக எடுத்தபோது "கன்சாஸ் பொடியன், குறி தப்பாத கை" என்று சொல்லித் தந்தார்கள். என்.பி.ஏ.யில் முதல் சில வாரங்கள் அந்தக் கையைக் காணவில்லை. அப்புறம் 905க்கு அனுப்பினார்கள். வேலை முடிந்து மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டம் அவ்வளவு இல்லை. பந்து தரையில் படும் சத்தம், சப்பாத்து கீச்சிடும் சத்தம், பயிற்சியாளர் கத்துவது எல்லாம் தெளிவாகக் கேட்கும்.

நான் எறிதலைப் பார்க்கப் போனேன். ஆனால் எனக்கு மனதில் நின்றது வேறு. எதிரணிக் காவலர் ஒருவர், தன் அணி நெட்டையன் ஒருவன் வழியை மறித்து நின்ற தடுப்பைச் சுற்றி ஓடினார். டிக் பின்னால் போய் அதில் மோதி நின்றுவிட்டார். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை தோளை ஒடுக்கி, தடுப்புக்கும் ஆளுக்கும் நடுவில் நுழைந்து போய்ச் சேர்ந்தார். எதிராளி பந்தை வெளியே கொடுக்க வேண்டியதாயிற்று. கைதட்டலும் இல்லை, மறுநாள் புள்ளி விவரத்தில் ஒரு வரியும் இல்லை. மகள் பொப்கோர்ன் வாங்கப் போயிருந்தாள். அதைப் பார்த்தது நான் மட்டும்தானோ என்று தோன்றியது.

முதல் வருடம் 8.5 புள்ளி சராசரி, இரண்டாம் வருடம் 14.4. அந்த எண்ணைச் சொல்லி உங்கள் மச்சானோடு வாதாட வேண்டாம். அணி தோற்றுக்கொண்டிருக்கும்போது யாரோ ஒருவர் எறியத்தான் வேண்டும், புள்ளி தானாகக் கூடும். அந்தத் தடுப்பைச் சுற்றி ஓடுகிறாரா என்று பாருங்கள். நான் அதைத்தான் பார்க்கிறேன்.

2014இலிருந்து காத்திருப்பவன்

எல்லோரும் சியாகம் கதையையே சொல்கிறீர்கள். கபோக்லோ கதையை யார் சொல்வது?

புரூனோ கபோக்லோ. 2014இல் 20ஆவதாக எடுத்தோம். பிரேசில் பொடியன், 18 வயது. பெயரைக் கேட்டவுடன் தொலைக்காட்சியில் நிபுணர் ஒருவர், இவர் தயாராவதற்கு இரண்டு வருடம் இருக்கிற நிலைக்கு வரவே இரண்டு வருடம் ஆகும் என்ற மாதிரிச் சொன்னார். நாங்கள் சிரித்தோம். நவம்பரில் மில்வாக்கியை 40 புள்ளிகளுக்கும் மேல் வித்தியாசத்தில் அடித்த அன்று நான் அரங்கத்தில் இருந்தேன். ஆட்டம் எப்போதோ முடிந்துவிட்ட மாதிரித்தான். ஆனாலும் சனம் போகவில்லை, கபோக்லோவை இறக்கச் சொல்லிக் கத்தியது. இறக்கினார்கள். ஒரு த்ரீ போட்டார். கோப்பை எடுத்த மாதிரி ஒரு சத்தம். வீடு போகிற ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரிடம், "நாலு வருஷத்தில பாருங்கோ" என்று சொன்னேன்.

நாலு வருடம் ஆகவில்லை, 2018 பெப்ரவரியில் சாக்ரமெண்டோவுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்களுக்காக ஆடியது மொத்தம் 25 ஆட்டங்கள்.

இதில் எனக்கு எரிச்சல் எங்கே என்றால், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்கு எதிராகக் காலிறுதியில் பிரேசில் நொறுங்கிப்போன ஆட்டத்தில் 30 புள்ளி எடுத்தவர் இதே கபோக்லோ. எதிரே லெப்ரோன், டுரான்ட் எல்லாம் இருந்தார்கள். அப்போ திறமை இருந்திருக்கிறது. எங்களிடம் இருந்தபோது ஆட நேரம் கிடைக்கவில்லை, நேரம் கிடைத்தபோது எங்களிடம் இல்லை.

இன்னொன்று. சியாகம் வளர்ந்தது தோற்கும் அணியில் இல்லை. நீங்கள் "அடியாதை" என்று கத்திய அந்த 2017-18 அணி 59 ஆட்டங்கள் வென்றது. பக்கத்தில் மூத்தவர் கைல் லவ்ரி. சியாகம் பிழை விட்டால் லவ்ரி முறைப்பார், அடுத்த முறை பந்தைக் கொடுக்கவும் கொடுப்பார். இப்போது இருக்கிற பொடியன்கள் பிழை விட்டால் யார் முறைப்பது? எல்லோரும் 22 வயது. "மறுகட்டமைப்பு, பொறுமை" என்று சொல்லிக்கொண்டு தோல்வியையே பாடசாலை ஆக்குவதை நான் நம்பவில்லை.

மால்வர்ன் அம்மா

இங்கே எழுதுவது முதல் தடவை. எனக்குப் புள்ளி விவரம் தெரியாது. மகனுக்குப் பதினொரு வயது, சமூக நிலையத்தில் கூடைப்பந்து ஆடுகிறான். அவன் சொல்லித் தந்துதான் நானும் பார்க்கத் தொடங்கினேன்.

அவனுடைய பிறந்தநாளுக்கு 2024 மார்ச்சில் டிக்கெட் வாங்கினேன். அந்தப் பருவத்தில்தான் அனுநோபியை நியூயோர்க்குக்கும் சியாகமை இந்தியானாவுக்கும் கொடுத்துவிட்டிருந்தார்கள். "பரவாயில்லை அம்மா, ஸ்கொட்டி இருக்கிறார்" என்று மகன் சொன்னான். மார்ச் முதலாம் திகதி ஸ்கொட்டி பார்ன்ஸுக்கு இடது கை உடைந்தது. நாங்கள் போன அன்று இறங்கியவர்களில் பாதிப் பேரை மகனுக்கே அடையாளம் தெரியவில்லை. என்னிடம் கேட்டால் நான் என்ன செய்வேன்? அந்த மாதம் தொடங்கி ஏப்ரல் வரை தொடர்ந்து 15 ஆட்டங்கள் தோற்றார்கள்.

இரண்டாம் கால் முடியும்போது பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "தோற்பது நல்லது, ட்ராஃப்ட் தேர்வு கையில் நிற்கும்" என்று தன் நண்பரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். மகன் என்னைப் பார்த்து, "அம்மா, இவை வேணுமெண்டா தோக்கினம்?" என்று கேட்டான். ஆடுகிறவர்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஒருவர் பந்துக்காக விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டு எழும்பினார். வெறும் பத்து நாள் ஒப்பந்தத்தில் இருப்பவராம், மகன்தான் தொலைபேசியில் தேடிச் சொன்னான். பத்து நாளில் வேலை போய்விடக்கூடிய ஒருவர் வேண்டுமென்று தோற்பாரா?

மே மாதம், ட்ராஃப்டில் எந்த அணி எத்தனையாவதாக எடுக்கும் என்று தீர்மானிக்கும் அந்த லொட்டரியைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். முதல் ஆறு இடங்களுக்குள் வந்தால் தேர்வு எங்களுக்கு, இல்லாவிட்டால் சான் அன்ரோனியோவுக்கு. யாகோப் போல்ட்ல் என்ற வீரரை அவர்களிடமிருந்து திரும்ப எடுக்கக் கொடுத்த கடன் அது. 57 ஆட்டங்கள் தோற்றும் எட்டாவது இடம் வந்தது. அட்டையைத் திருப்பியவுடன் மகன் எழும்பிப் போய்ப் பல் துலக்கிவிட்டுப் படுத்துவிட்டான். ஒரு சொல் பேசவில்லை. நான் பிட்டு மிச்சத்தைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டே, இந்த 57 தோல்வியும் யாருக்கு என்று யோசித்தேன்.

எண்காரன்

அக்கா எழுதியதற்குப் பிறகு எண் போடவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் பார்ன்ஸைப் பற்றி யாரும் தொடவில்லை.

2021இல் நாலாவதாக எடுத்தபோது நான் கத்தினேன். எல்லோரும் ஜேலன் சக்ஸைத்தான் எடுப்பார்கள் என்று நினைத்திருந்தோம். கோவிட் காரணமாகத் தம்பா நகரத்தில் அகதி மாதிரி ஒரு பருவம் ஆடி, 27 வெற்றியோடு முடித்து, லொட்டரியில் ஏழாவதிலிருந்து நாலுக்கு ஏறியிருக்கிறோம். அந்தத் தேர்வில் கல்லூரியில் 10 புள்ளி எடுத்த, பாதிக்கு மேல் ஆட்டங்களில் பெஞ்சிலிருந்து இறங்கிய ஒருவரையா எடுப்பது? ஒன்பது மாதத்தில் அவர் வருடத்தின் சிறந்த புதுமுகம். நான் வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பத் திறக்கிறேன். பார்ன்ஸின் த்ரீ இரண்டாம் வருடம் 28 சதவீதம். மூன்றாம் வருடம் 34, சிறந்த வீரர்களுக்கான ஓல்-ஸ்டார் ஆட்டத்துக்கும் தெரிவானார். நாலாம் வருடம் 27. ஏறி, இறங்கி. வளர்ச்சி என்று எதைச் சொல்கிறீர்கள்?

மிசிசாகாவாசி

தம்பி, பார்ன்ஸை எறிகிறவராகப் பார்த்தால் உங்களுக்கு வருடாவருடம் வயிற்றெரிச்சல்தான். அவர் ஒரே ஆட்டத்தில் எதிரணியின் குட்டையான காவலரையும் நெட்டையான நடுவரிசைக்காரரையும் மறிக்கிறார். பந்தைப் பிடித்துக்கொண்டு தானே ஓடிப்போய் மற்றவனுக்குக் கொடுக்கிறார். கோவிலில் மேளம் அடிப்பவரிடம் நாதஸ்வரம் எங்கே என்று கேட்கிற மாதிரி இருக்கிறது உங்கள் கேள்வி.

எண்காரன்

கச்சேரி நடக்க நாதஸ்வரமும் வேண்டுமே அண்ணா. அதற்குத்தானே நன்றாக எறியும் பிராண்டன் இங்கிராமைக் கொண்டுவந்தார்கள்?

2014இலிருந்து காத்திருப்பவன்

அதைத்தான் நானும் சொல்கிறேன். பொடியன்கள் பக்கத்தில் ஒரு மூத்தவர் வேண்டும். இங்கிராமும் ஊர்ப்பொடியன் பரட்டும் ஒழுங்காக ஆடினால் டிக்கும் மற்ற இளம் வீரர்களான வோல்ட்டரும் ஷெட்டும் தங்கள் அளவுக்கான வேலையைப் பழகலாம். மால்வர்ன் அக்கா, உங்கள் மகனிடம் ஷெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். 45ஆவதாக எடுத்த ஆள், உயரமும் இல்லை. எதிராளி பந்தைத் தட்டிக்கொண்டு வரும்போது முழு நீளத்துக்கும் விடாமல் ஒட்டிக்கொண்டே போவார். சமூக நிலையத்தில் ஆடும் பிள்ளைக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. பாருங்கள், நானே ஒருவரைப் புகழத் தொடங்கிவிட்டேன். நாலு வருடத்தில் பார்ப்போம் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

மால்வர்ன் அம்மா

சொல்லிவிட்டேன். "ஷெட்டை எனக்கு எப்பவோ தெரியும்" என்றான். மேசையிலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மேல்தட்டு ரசிகன், ஸ்காபரோ

எல்லாவற்றையும் மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். 905 கதையில் மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கபோக்லோ கதை வந்தவுடன், "பாத்தியோ, பாத்தியோ" என்று உசார் ஆகிவிட்டார். லவ்ரி இல்லாத இடத்தில் சியாகம் வளர்ந்திருப்பாரா என்று இரண்டு பேரும் நள்ளிரவு வரை கதைத்தோம். வளர்ந்திருப்பார், ஆனால் மூன்று வருடம் பிந்தி என்றேன். மூன்று வருடம் பிந்தினால் வேறொரு அணியில்தான் வளர்ந்திருப்பார் என்றார் அவர். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

2025இல் ஒன்பதாவதாக எடுத்த காலின் மரே-பாய்ல்ஸின் கல்லூரி ஆட்டங்களையும் போட்டுப் பார்த்தோம். பலசாலி, பந்தைப் பறிக்கும் கை. ஆனால் தூரத்திலிருந்து எறிவதே அபூர்வம். ஐந்தாவது நிமிடத்திலேயே மச்சான் சோபாவில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். வாய் திறப்பதற்கு முதல் நான் தொலைபேசியை எடுத்து ஒலிப்பதிவைப் போட்டேன். அடியாதை என்று அவர் சொன்னது திகதியோடு பத்திரமாக இருக்கிறது.