டெல்டா எஸ்4: லொம்பார்டி சூப்பர்சார்ஜர், டர்போ இரண்டையும் ஏன் போட்டார்?

கிளட்ச்_கந்தன்:
லான்சியாவின் டெல்டா எஸ்4 ராலி கார் எஞ்சினைப் பற்றித் தேடினால் கிளாடியோ லொம்பார்டி பெயர் வருகிறது. 1991-இல் ஃபெராரி ஃபார்முலா 1 அணியிலும் அதே பெயர். ஒரே ஆள்தானா? அப்புறம் ஒரே எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் திணிக்கும் சார்ஜர் இரண்டு எதற்கு?

மலைப்பாதை:
ஒரே ஆள்தான். அந்த வருஷம் அணித் தலைவர் செசாரே ஃபியோரியோவை ஃபெராரி நீக்கியதும் அணிப் பொறுப்புக்கு வந்தவர் இவர்.

சூப்பர்சார்ஜர் எஞ்சின் சுழற்சியிலேயே ஓடுவதால் ஆக்ஸிலரேட்டரை மிதித்த உடனே இழுக்கும், ஆனால் வேகம் கூடக்கூட எஞ்சின் சக்தியை அதுவே தின்னும். டர்போ புகையில் சுற்றுவது, மேலே போனால் அசுர பலம், கொண்டை ஊசி வளைவில் இருந்து வெளியே வரும்போது மட்டும் காத்திருக்க வைக்கும். எஸ்4-இல் குறைந்த சுழற்சியில் சூப்பர்சார்ஜர், கூடிய சுழற்சியில் டர்போ. கொள்ளளவு 1759 சிசிதான், போட்டி விதிப்படி டர்போவுக்கான 1.4 பெருக்கம் போட்டாலும் 2500-க்குள் அடங்கும், அதனால் காருக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச எடையும் குறைவு. கணக்குப் போட்டுச் செய்த வேலை! 1985 ஆர்ஏசி ராலி, எஸ்4-இன் முதல் போட்டியிலேயே ஓட்டுநர் டொய்வொனன் முதலிடம், அலென் இரண்டாமிடம்.

பழைய_அபார்த்:
எல்லாப் புகழையும் லொம்பார்டிக்கே கொடுத்துவிடாதீர்கள் நண்பரே. செர்ஜியோ லிமோனே என்று ஒருவர் இருக்கிறார், எஸ்4-க்கு முந்தைய லான்சியா ராலி கார் 037 அவர் தலைமையில் உருவானது. பின்சக்கர ஓட்டத்தோடு 1983-இல் நான்கு சக்கர ஓட்டமுள்ள ஆடி குவாட்ரோவையே தோற்கடித்துத் தயாரிப்பாளர் பட்டம் வாங்கிய கார், ஃபியட்டின் பந்தயப் பிரிவான அபார்த்தின் சூப்பர்சார்ஜரை ராலியில் நிரூபித்ததும் அதுதான்.

மலைப்பாதை:
சரி, அது நியாயம். ஆனால் டிரைஃப்ளக்ஸ் என்ற எஞ்சின் தலை அமைப்பு லொம்பார்டியின் மூளைதான். வழக்கமாக நான்கு வால்வில் காற்று நுழையும் இரண்டும் ஒரு பக்கம், புகை போகும் இரண்டும் மறுபக்கம் இருக்கும். இவர் குறுக்காக மாற்றிப் போட்டார், இரு பக்கமும் ஒவ்வொன்று. சூடு தலை முழுக்கச் சமமாகப் பரவும், புகை இரு பக்கமும் வெளியேறுவதால் பக்கத்துக்கு ஒரு டர்போ. அதை ஈசிவி என்ற சோதனைக் காரில் போட்டார்கள். 1986 மே மாதம் கோர்சிகா ராலி விபத்தில் டொய்வொனனும் அவருடைய வழிகாட்டி கிரெஸ்டோவும் இறந்தார்கள், எஸ்4 ஓடிய குரூப் பி பிரிவு தடையானது, ஈசிவி ஓட வேண்டிய குரூப் எஸ்ஸும் வராமலே போனது.

கிளட்ச்_கந்தன்:
அப்படியானால் 1987 முதல் 1992 வரை ஆறு பட்டம் வாங்கிய டெல்டாவில் டிரைஃப்ளக்ஸ் கிடையாதா?

பழைய_அபார்த்:
கிடையாது. அது குரூப் ஏ பிரிவு, அப்போது அதில் ஓட 5000 கார் தயாரித்தாக வேண்டியிருந்தது, சாதாரண டர்போதான்.