புதுப்பிப்பு: ஐஎஸ்ஓ சான்று தருபவருக்கு யார் சான்று தருகிறார்கள்?

எங்கள் பட்டறைக்கு ஒரே வாரத்தில் ஐஎஸ்ஓ 9001 என்ற தர மேலாண்மைச் சான்றிதழ் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது, நம்பலாமா என்று போன பதிவில் கேட்டிருந்தேன். “அங்கீகாரம் இருக்கிறதா பாருங்கள்” என்றீர்கள். சரி, அந்த அங்கீகாரம் எப்படிக் கிடைக்கிறது என்று தோண்டிப் பார்த்தேன்.

ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு தரநிலையை எழுதுவதோடு சரி, யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. இங்கே சான்றளிக்கும் நிறுவனங்களைச் சோதித்து அங்கீகரிப்பது இந்தியத் தரக் குழுமத்தின் கீழுள்ள தேசிய அங்கீகார வாரியமான என்ஏபிசிபி. அளவுகோல் ஐஎஸ்ஓ/ஐஇசி 17021-1. விண்ணப்பம், ஆவணச் சரிபார்ப்பு, அலுவலக ஆய்வு எல்லாம் எதிர்பார்த்ததுதான். எனக்குப் பிடித்தது சாட்சித் தணிக்கை. சான்றளிக்கும் நிறுவனத்தின் தணிக்கையாளர் ஒரு வாடிக்கையாளரின் ஆலையில் வேலை பார்க்கும்போது, என்ஏபிசிபியின் மதிப்பீட்டாளரும் கூடவே போய் ஓரமாக நின்று கவனிப்பார், குறுக்கே பேச மாட்டார். இயந்திரம் பக்கம் போகிறாரா, கோப்பை மட்டும் புரட்டுகிறாரா என்பதெல்லாம் குறிப்பில் ஏறும்.

நாள் கணக்கும் உண்டு. 26 முதல் 45 பேர் வேலை செய்யும் இடத்தில் முதல் தணிக்கைக்கு 4 ஆள்நாள் (ஒரு தணிக்கையாளரின் ஒரு நாள் வேலை ஓர் ஆள்நாள்) என்கிறது சர்வதேச அங்கீகார மன்றத்தின் அட்டவணை. குறைத்தாலும் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நாங்கள் 40 பேர். ஒரே வாரத்தில் தருவதாகச் சொன்ன அந்த நிறுவனம் சொன்னதோ அரை நாள்! ஆவணங்களையும் தாங்களே எழுதித் தருவார்களாம். ஆலோசனை சொல்பவரே சான்றும் தரக் கூடாது என்று 17021-1 வெளிப்படையாகவே சொல்கிறது.

அப்புறம், அங்கீகாரம் துறைவாரியானது. உணவுக்கு வாங்கியிருந்தால் உலோகத்துக்குச் செல்லாது. இப்போது வேறொரு நிறுவனத்திடம் விலை கேட்டிருக்கிறேன். என்ஏபிசிபி பட்டியலில் பெயர் இருக்கிறது, எங்கள் துறையும் இருக்கிறது. கட்டணம்தான் கொஞ்சம் கூடுதல்.