மறு: ‘பாயிண்டர் கிராப்’ – ‘சுட்டிப் பூட்டு’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம். ஒரு நிரல் சுட்டியின் நிகழ்வுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதை ‘பாயிண்டர் கிராப்’ என்கிறார்களே, அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இழைக்கு இது என் பதில்.

> ‘சுட்டிப் பூட்டு’ என்றே போட்டுவிடலாம். யாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறு மாதிரி புரியும்.

போன வாரம் என் சொந்த சாளர மேலாளரில் (திரையில் சாளரங்களை நிர்வகிக்கும் நிரல்) ஒரு வழுவோடு மல்லுக்கட்டினேன். முன்னால் இருக்கும் சாளரத்தையே இன்னொரு முறை சொடுக்கினால் போதும், அப்புறம் எந்தச் சொடுக்கும் எங்கும் போய்ச் சேராது. கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்2 அழுத்தி உரை முனையத்துக்குப் போய் மேலாளரைக் கொன்றால்தான் விடுதலை. நிரலின் இணைப்பு அறுந்தால் அதன் கிராப்களை எக்ஸ் வழங்கி (லினக்ஸ் போன்றவற்றில் திரையையும் சுட்டியையும் கவனிக்கும் நிரல்) தானே விட்டுவிடும்.

காரணம் என் கைவரிசைதான். இடப்பொத்தானை ‘சிங்க்’ முறையில் கிராப் செய்திருந்தேன். அந்த முறையில் பொத்தானை அழுத்தியதும் வழங்கி சுட்டியின் நிகழ்வுகளை நிறுத்தி வைத்துவிடும். ‘எக்ஸ்அலவ்ஈவன்ட்ஸ்’ என்ற செயற்கூறை அழைத்தால்தான் அவை மறுபடி ஓடும். ஏற்கெனவே முன்னால் இருக்கும் சாளரம் என்றால் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும்படி ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வழியில் அழைப்பு விட்டுப்போயிற்று.

ஆக, இங்கே நடப்பது இரண்டு: ஒரு நிரல் சுட்டியைத் தன் வசம் வைத்துக்கொள்வது, நிகழ்வுகள் உறைந்து நிற்பது. பூட்டு இரண்டிலும் இல்லை. எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலேண்டில் ‘லாக்’ என்று தனியாகவே ஒன்று உண்டு. விளையாட்டுகளுக்காக அம்புக்குறியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு அசைவை மட்டும் தருவது. ‘பூட்டு’ அதற்குத்தான் வேண்டும். போதாததற்கு, எக்ஸில் ஒரு மெனு திறந்திருந்தால் திரைப்பூட்டு போட முடியாமல் போகும் பழைய தொல்லை ஒன்று இருக்கிறதே, அதை உங்கள் சொல்லால் எழுதிப் பாருங்கள்: ‘சுட்டிப் பூட்டு இருப்பதால் திரைப்பூட்டு போடமுடியவில்லை.’

‘பற்று’ என்றால் கணக்குப்பிள்ளைக்குப் பற்று வரவு நினைவு வரும். ‘கைப்பற்றல்’ படையெடுப்பு. ‘பிடிப்பு’ ஏற்கெனவே திரைப்பிடிப்பில் மாட்டிக்கொண்டது.

என் ஓட்டு வெறும் ‘பிடி’க்கு. பெயராகவும் வரும், ஏவலாகவும் வரும். பிழைச்செய்தியில் வைத்தால்தான் அதன் அருமை தெரியும்: ‘சுட்டி ஏற்கெனவே வேறொரு நிரலின் பிடியில் உள்ளது.’ எவரும் இரண்டாம் முறை படிக்க வேண்டாம். ‘அன்கிராப்’ என்பது ‘பிடி விடு’. ‘ஃப்ரீஸ்’ என்பது ‘உறைவு’.

‘பாசிவ் கிராப்’பை ‘செயலற்ற பிடி’ என்று எழுதாதீர்கள். அது செயலற்று இல்லை. பொத்தான் அழுந்தட்டும் என்று காத்திருக்கிறது. ‘பதுங்கு பிடி’ எனக்குப் பிடித்திருக்கிறது. கொஞ்சம் அதிகப்படி என்றால் ‘காத்திருப்புப் பிடி’.

‘சுட்டிப்பிடி’ என்று ஒட்டி எழுதினால் வாலுப் பிள்ளையைத் துரத்துவது போல ஒலிக்கிறது என்று வீட்டில் சிரித்தார்கள். அந்தக் குறை ‘சுட்டி’ மேல்தான். மவுஸுக்கும் அதுதான், பாயிண்டருக்கும் அதுதான், இணைய இணைப்புக்கும் அதுதான். அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

வெள்ளி மாலைக்குள் மறுப்பு வராவிட்டால் ‘பிடி’யை மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.