கூத்துப் பாட்டை வேறு நிறுவனத்துக்கு மாற்றினால் ஐ.எஸ்.ஆர்.சி. இலக்கமும் மாறுமா?

ஆரையம்பதி மத்தளம்:
எங்கள் கூத்து ஆசான் அண்ணாவியார் பாடிய வடமோடிக் கூத்துப் பாட்டுகளை ஸ்பொட்டிஃபையில் ஏற்றி வைத்திருக்கிறோம். ஏற்றித் தந்த நிறுவனம் கட்டணத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது, அதனால் வேறு இடத்துக்கு மாறப் போகிறோம். புதிய படிவத்தில் "ஐ.எஸ்.ஆர்.சி. இருக்கிறதா, புதிதாகத் தரவா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தருகிற அடையாள இலக்கம்தானே அது. புதிது வாங்கினால் இதுவரை கேட்டவர்களின் எண்ணிக்கை என்ன ஆகும்? கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற நம் ஆட்கள் கேட்ட கணக்கைப் பேரன் வாசித்துக் காட்டும்போது அண்ணாவியாரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அது பூச்சியமாகக் கூடாது.

இன்னொன்று. அர்ச்சுனன் வரவுப் பாட்டை ஸ்டூடியோவிலும் பதிந்தோம், அரங்கேற்ற இரவில் கூத்து ஆடும் களரியிலும் பதிந்தோம். இரண்டுக்கும் ஒரே இலக்கமா? பதிந்தது இலங்கையில், இலக்கமோ கியூ.இசட். என்று தொடங்குகிறதே?

கல்லடி ஒலிப்பதிவாளர்:
தம்பி, புதிது வாங்கவே வேண்டாம். இலக்கம் ஒலிப்பதிவுக்கு உரியது. பதிவின் உரிமையே கைமாறினாலும் இலக்கம் மாறாது. பழைய கணக்கில் ஒவ்வொரு பாட்டின் விவரத்திலும் 12 எழுத்தும் எண்ணுமாக இருக்கும், அதை அப்படியே புதிய படிவத்தில் போடுங்கள். அதே வேவ் ஒலிக்கோப்பையே கொடுங்கள். பாட்டின் பெயர், பாடியவர் பெயர் இரண்டிலும் ஒரு எழுத்துக்கூடப் பிசகக் கூடாது. புதியது ஸ்பொட்டிஃபை போன்ற தளங்களில் வந்து சேர்ந்த பிறகுதான் பழையதை இறக்கச் சொல்ல வேண்டும். இவை எல்லாம் பொருந்தினால் பொதுவாக எண்ணிக்கை கூடவே வந்துவிடும்.

முதல் ஐந்தும் இலக்கம் கொடுத்தவரின் அடையாளம், அடுத்த இரண்டு ஆண்டு, கடைசி ஐந்து வரிசை எண். கியூ.இசட். அமெரிக்காவுக்கு ஒதுக்கியது. உங்கள் நிறுவனம் அங்கே பெற்ற தொகுதியிலிருந்து தந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆண்டும் இலக்கம் கொடுத்த ஆண்டுதான், பாடிய ஆண்டு அல்ல.

களரிப் பதிவுக்குக் கட்டாயம் வேறு இலக்கம். பாட்டு ஒன்றுதான், ஆனால் அன்றிரவு மத்தளம் சூடேறி, சல்லரித் தாளம் முந்தி, பிற்பாட்டுக்காரர் ஓங்கிப் பிடிக்க, சதங்கை விழுந்த சத்தம் ஸ்டூடியோவில் இல்லையே! அது தனிப் பதிவு, தனியாகவே கணக்கில் வர வேண்டும்.

காரைதீவு அக்கா:
கண்ணகி அம்மன் குளுத்திச் சடங்குப் பாட்டுகளைப் பதிந்த அனுபவத்தில் சொல்கிறேன். இந்த இலக்கம் உரிமைக்குச் சான்று இல்லை. நம் பதிவை யாராவது எடுத்துத் தன் பெயரில் ஏற்றினால் அவருக்கும் ஒரு இலக்கம் கிடைத்துவிடும். அதனால் பதிந்த திகதி, பாடியவர், மத்தளம் அடித்தவர், இலக்கம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிற்பாட்டுக்காரரின் பெயரையும் விட்டுவிடாதீர்கள். அவர்களைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். தொகுப்பின் பார்கோட் வேறு, அதைப் படிவத்தில் ஐ.எஸ்.ஆர்.சி. கேட்கும் இடத்தில் போட்டுவிட வேண்டாம்.

ஆரையம்பதி மத்தளம்:
நன்றி அண்ணன், அக்கா. இலக்கங்களை எடுத்துவிட்டேன். ஒரு பாட்டுக்கு மட்டும் பழைய கணக்கில் காட்டவில்லை.

கல்லடி ஒலிப்பதிவாளர்:
உலக இசைப்பதிவு நிறுவனங்களின் அமைப்பான ஐ.எஃப்.பி.ஐ.யின் ஐ.எஸ்.ஆர்.சி. தேடல் பக்கத்தில் பாடியவர் பெயரைப் போட்டுப் பாருங்கள், காசு இல்லை. ஒரே பெயரில் இரண்டு வந்தால் பாட்டின் நீளத்தை ஒப்பிட்டு எடுங்கள்.